படத்தில் இருக்கும் மான் நலமா? பார்க்கத் தெரிந்துகொள்வோம்

விலா எலும்பு தெரியும் மான் ஒன்றின் படம் பகிரப்பட்டால் போதும். "பட்டினியில் கிடக்கிறது", "ஏதோ நோய்", "காட்டில் தீனியே இல்லை" என்று தீர்ப்புகள் வந்து குவிந்துவிடும். தளதளவென்று நிற்கும் மானைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அது நலமாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டிலுமே அவசரம் இருக்கிறது. குட்டிக்குப் பால் கொடுக்கும் பெண்மான் எந்த நோயும் இல்லாமலே விலா தெரிய நிற்கும். நீலநாக்கு போன்ற நோயில் திடீரென்று சாகும் மான் பல நேரம் நல்ல கொழுப்போடுதான் சாகிறது.

எனவே ஒரு படத்தின் முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மானின் உடம்பில் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது? அது அப்படி இருப்பதற்குக் காரணம் என்ன? நல்ல கோணத்தில் எடுத்த படம் முதல் கேள்விக்கு ஓரளவு நம்பகமான பதில் தரும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் தராது. குழப்பமெல்லாம் முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுவதில்தான் வருகிறது.

மான் எப்படி மெலிகிறது

வருமானம் நின்றுபோன ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கையிருப்புப் பணம் கரையும். பிறகு வங்கிச் சேமிப்பில் கை வைப்பார்கள். எல்லாம் தீர்ந்தபின்தான் நகை வெளியே போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதல் கட்டம் தெரியலாம். வீட்டுக்குள் எது மிச்சமிருக்கிறது என்பது தெரியாது.

மானின் உடம்பும் இப்படி ஒரு வரிசையில்தான் செலவழிக்கிறது. தீனியிலிருந்து கிடைக்கும் ஆற்றல் போதாதபோது முதலில் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கரைகிறது. முதுகின் பின்பகுதி, பின்தொடையின் மேற்பகுதி, வாலடி ஆகிய இடங்களில் படிந்திருப்பது இதுதான். அடுத்து சிறுநீரகத்தையும் குடலையும் சுற்றியுள்ள கொழுப்பு. கடைசியாக எலும்பு மஜ்ஜையில் உள்ள கொழுப்பு. நன்றாக இருக்கும் மானின் தொடை எலும்பு மஜ்ஜை வெண்மையாக, கெட்டியாக இருக்கும். பட்டினியில் செத்த மானில் அது சிவந்து, கூழாகக் குழைந்திருக்கும். கொழுப்பு குறையக் குறையத் தசையும் எரிபொருளாகிறது.

தோலுக்கடிக் கொழுப்பும் தசையும் சேர்ந்து வெளியே காட்டும் நிலையை இங்கே உடல்தேற்றம் என்று சொல்வோம். படத்தில் நாம் மதிப்பிடுவது இதை மட்டுமே. சிறுநீரகக் கொழுப்போ மஜ்ஜையோ படத்தில் தெரியாது. அதனால் "சற்று மெலிந்த" மானிடம் உள்ளே நல்ல இருப்பு இருக்கக்கூடும். ஆனால் பின்தொடையின் மேற்பகுதி குழிந்துபோன மானைப் பார்த்தால், தோலுக்கடிக் கொழுப்பு எப்போதோ தீர்ந்து, தசையும் கரைந்துகொண்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

எங்கே பார்க்க வேண்டும்

எல்லோர் கண்ணும் விலாவுக்குத்தான் போகிறது. விலாவைக் கடைசியாகப் பாருங்கள். அங்கே தோலுக்கடியில் கொழுப்பு மெல்லிய படலமாகத்தான் இருக்கும். மான் மூச்சை இழுக்கும்போது, உடம்பைத் திருப்பும்போது, பக்கவாட்டிலிருந்து வெயில் விழும்போது, நல்ல நிலையில் உள்ள மானுக்கும் ஒன்றிரண்டு விலா தெரியும்.

தொடங்க வேண்டிய இடம் பின்பக்கம். காட்டில் உயிரோடு நடமாடும் மான்களை அங்கே பார்த்துத் தரம் பிரிக்கும் எளிய முறையை தேன் ரைனி என்ற ஆய்வாளர் 1960-இல் வெளியிட்டார். இடுப்பெலும்பின் முனையிலிருந்து வாலடி வரை ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு வெளிப்பக்கம் உருண்டு, எலும்பு முனை எதுவும் துருத்தாமல் இருந்தால் உடல்தேற்றம் நன்று. தட்டையாக, எலும்பின் விளிம்பு லேசாகத் தெரிந்தால் நடுத்தரம். உள்நோக்கிக் குழிந்து, இடுப்பெலும்பும் வாலடி எலும்பும் தனித்தனியாகத் துருத்தி நின்றால் மோசம்.

அடுத்து முதுகுத்தண்டு. தேறிய மானில் அதன் இரு புறமும் தசை நிரம்பியிருப்பதால் முதுகு வழுவழுவென்று ஓடும். மெலிய மெலியத் தண்டு வரப்பாக மேலெழும்பி, இரு பக்கமும் சரிந்துவிடும். அதன்பின் தோள்பட்டை. தோள்பட்டை எலும்பின் நடுவே செங்குத்தாக ஒரு விளிம்பு உண்டு. நின்றிருக்கும் மானில் அது கூர்மையாகத் தெரிந்தால் தசை கரைந்திருக்கிறது. இவை மூன்றையும் பார்த்தபின் விலாவுக்கு வரலாம். இடுப்பும் முதுகும் நன்றாக இருந்து விலா மட்டும் தெரிந்தால், அதைத் தனியாக எடுத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த மூன்று தரமே போதும். பண்ணை விலங்குகளைக் கையால் தொட்டுப் பார்த்து ஐந்துக்கு இத்தனை, ஒன்பதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். தூரத்திலிருந்து எடுத்த படத்துக்கு அவ்வளவு நுட்பம் பொருந்தாது. "இரண்டரையா, மூன்றா" என்று வாதிடுவதால் எதுவும் கிடைக்காது.

இதுவரை பார்த்தது: படம் காட்டுவது உடல்தேற்றத்தை. அதைப் பார்க்கும் வரிசை இடுப்பு முதல் வாலடி வரை, முதுகுத்தண்டு, தோள்பட்டை, கடைசியாக விலா.

வயிற்றை நம்பாதீர்கள்

பெருத்த வயிறு கொழுப்பைக் காட்டாது. மான் அசைபோடும் விலங்கு. மேய்ந்ததை எல்லாம் முதலில் கொண்டுபோய் நிரப்பி நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைக்கும் பெரிய அறை அதன் இரைப்பையில் உண்டு. அதை அசையூண் வயிறு என்பார்கள். அது இருப்பது மானின் இடப்பக்கம். மேய்ந்து முடித்த மானை இடப்பக்கமிருந்து படமெடுத்தால் பானை வயிறாகத் தெரியும். அதே மான் சில மணி நேரம் மேயாமல் இருந்தால், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு பள்ளம் விழும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்து "ஒரே நாளில் இளைத்துவிட்டது" என்று பதறுவது இதனால்தான். கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது.

இதில் எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. சத்தில்லாத காய்ந்த நார்த்தீனி செரிக்க நெடுநேரம் ஆகும். அதைத் தின்னும் மானின் வயிறு நிரம்பியே இருக்கும், இடுப்போ குழிந்திருக்கும். வயிறு உப்பி, முதுகு வற்றிய மானைப் பார்த்தால் முதுகு சொல்வதையே நம்ப வேண்டும்.

காலம், பால், வயது

இந்தப் பகுதியைத் தாண்டிப்போய்விட்டு மானைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒரே உடல்தேற்றம் ஒரு மானுக்கு இயல்பு, இன்னொன்றுக்கு ஆபத்து.

ஆண்மான் இணைசேரும் பருவத்தில் மேய்வதையே பெரிதும் குறைத்துக்கொண்டு, பெண்மான்களைத் துரத்துவதிலும் மற்ற ஆண்களோடு மோதுவதிலும் நாளைக் கழிக்கும். பருவம் முடியும்போது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடக் குறைந்திருக்கும். பருவத் தொடக்கத்தில் கழுத்து தடித்து, உடம்பு உருண்டு நின்ற அதே மான், முடிவில் இடுப்பெலும்பு தெரிய நிற்கும். அது திட்டமிட்ட செலவு. அடுத்து வரும் மாதங்களில் நல்ல தீனி இருந்தால் திரும்பத் தேறிவிடும். செம்மான், வெண்வால் மான் போன்ற குளிர்ப்பிரதேச மான்களில் இது ஆண்டின் ஒரு குறிப்பிட்ட காலத்தில் எல்லா ஆண்களுக்கும் சேர்ந்தே நடக்கும். புள்ளிமானில் அப்படியில்லை. ஒரே கூட்டத்தில் ஒரு ஆணின் கொம்பு முற்றியிருக்கும், இன்னொன்றின் கொம்பு அப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் புள்ளிமான் படத்தில் மாதத்தைவிடக் கொம்பின் நிலையைப் பார்ப்பது மேல்.

பெண்மானுக்குச் சினைக்காலத்தைவிடப் பாலூட்டும் காலத்தில்தான் செலவு அதிகம். குட்டி ஈன்ற முதல் சில வாரங்களில் அது உச்சத்துக்குப் போகும். பின்கால்களுக்கு நடுவே மடி தெரிகிறதா, பக்கத்தில் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தாய் சற்று மெலிந்து, குட்டி துள்ளலாக, உருண்டையாக இருந்தால் தீனி பாலாகப் போய்ச் சேர்கிறது என்று பொருள். தாயும் குட்டியும் சேர்ந்தே வற்றியிருந்தால் அது வேறு விஷயம், அங்கே தீனியைப் பற்றியோ நோயைப் பற்றியோ கேட்பது நியாயம்.

ஓராண்டுக் குட்டி இயல்பிலேயே நீளக்காலும் ஒடுங்கிய உடம்புமாகத்தான் இருக்கும். கிழமானில் பற்கள் தேய்ந்துபோவதால் மென்று தின்பது குறையும். முதுகு நடுவில் தொய்ந்து, வயிறு தளர்ந்து தொங்கும்.

ரோமமும் கணக்கில் வர வேண்டும். குளிர்கால ரோமம் நீளமானது, அடர்ந்தது. குளிரில் மான் அதைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்போது உண்மையான உடம்பைவிடப் பெரிதாகத் தெரியும். உள்ளே வற்றிப்போன மானைக்கூட அது மறைத்துவிடும். கோடையின் குட்டை ரோமத்தில் ஒவ்வோர் எலும்பும் அப்பட்டமாகத் தெரியும்.

சுருக்கமாக: ஆணா பெண்ணா, கொம்பு எந்த நிலையில், பால் கொடுக்கிறதா, வயது என்ன, எந்தப் பருவத்து ரோமம். இந்த ஐந்தும் தெரியாமல் மெலிவை இயல்பு என்றோ கோளாறு என்றோ பிரிக்க முடியாது.

நோயாகத் தோன்றும், நோயில்லாதவை

ரோமம் மாற்றும் பருவத்தில் மான் பார்க்கவே சகிக்காது. பழைய ரோமம் திட்டுத்திட்டாகக் கழன்று தொங்கும். சொறி பிடித்துவிட்டதென்று பலர் முடிவுகட்டுவது இந்தப் படங்களைப் பார்த்துத்தான். படத்தைப் பெரிதாக்கி, உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். அங்கே புதிய குட்டை ரோமம் சீராக முளைத்திருந்தால் அது பருவ மாற்றம். வெறும் தோல் தெரிந்து, அது தடித்து, மடிந்து, பொருக்குத் தட்டியிருந்தால் சொறியைச் சந்தேகிக்கலாம்.

கொம்பிலிருந்து இரத்தம் தோய்ந்த கந்தலாக ஏதோ தொங்கும் படங்கள் பார்ப்பவரை உலுக்கிவிடும். வளரும் கொம்பை வெல்வெட் எனப்படும் இரத்த ஓட்டமுள்ள மென்தோல் மூடியிருக்கும். கொம்பு முற்றியதும் அந்தத் தோல் செத்து உரியும். மான் அதை மரத்தில் தேய்த்துக் கழற்றும், சில நேரம் தின்னவும் செய்யும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வேலை முடிந்துவிடும். கொம்பு விழும் பருவத்தில் ஒரு கொம்பு முதலிலும் மற்றது பிறகும் விழலாம். ஒற்றைக் கொம்போடு, மறுபக்கம் சிவந்த வட்டத்தோடு நிற்கும் மானுக்கு அடிபடவில்லை.

கண்ணுக்கு முன்னால், மூக்குப் பக்கமாக ஒரு பிளவு இருக்கும். அது கண்முன் சுரப்பி. மணத்தைப் பூசி அடையாளம் வைக்க மான் இதைப் பயன்படுத்துகிறது. கடமானிலும், குரைக்கும் மான் எனப்படும் கேளையாட்டிலும் இது பெரியது. பதற்றத்திலோ, இணைசேரும் பருவத்திலோ அதை விரித்துத் திறந்து வைத்திருக்கும். அந்த நொடியில் எடுத்த படத்தில், முகத்தில் யாரோ குத்திக் கிழித்த புண் இருப்பதாகவே தோன்றும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். கடமானின் தொண்டைக்குக் கீழே ரோமமில்லாமல், சிவந்து ஈரமாகத் தெரியும் திட்டும் இப்படித்தான் பயமுறுத்தும். நன்கு தேறிய கடமான்களிலும் அது பருவத்தையொட்டித் தோன்றி மறைகிறது.

கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தால் அசைபோடும் கவளமாக இருக்கலாம். அடுத்தடுத்த படங்களிலும் அதே இடத்தில் வீக்கம் நின்றால்தான் யோசிக்க வேண்டும். நாக்கு வெளியே தெரிந்தால் பெரும்பாலும் மூக்கை நக்கிய நொடி. வாயிலிருந்து நீர் சொட்டினால், பக்கத்தில் குட்டை இருக்கிறதா என்று பின்னணியைப் பாருங்கள். வெண்வால் மானின் தோலில் தொங்கும் கறுத்த, ரோமமற்ற கட்டிகள் பெரும்பாலும் ஒருவகை வைரஸால் வரும் மருக்கள். கண்ணையோ வாயையோ மறைக்காதவரை அவற்றால் பெரிய தொல்லை இல்லை, பல மான்களில் தானாகவே சுருங்கிவிடும். காதிலும் கண்ணோரத்திலும் சில உண்ணிகள் இருப்பது காட்டுமானுக்கு இயல்பு.

கேமரா சேர்ப்பதும் மறைப்பதும்

நண்பகல் வெயிலும் பக்கவாட்டு ஒளியும் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழலைக் கொட்டி மானை மெலிந்ததாகக் காட்டும். நேர் எதிரிலிருந்து விழும் ஒளி எல்லாவற்றையும் சமப்படுத்திவிடும். நனைந்த ரோமம் உடம்போடு ஒட்டுவதால் மழைக்குப் பின் எடுத்த படத்தில் எந்த மானும் இளைத்துத்தான் தெரியும். முகத்துக்கு நேராக எடுத்த படம் உடல்தேற்றத்துக்குப் பயன்படவே படாது. சரியான பக்கவாட்டுப் படமும், பின்பக்கம் சற்றுச் சாய்வாக எடுத்த படமும் சேர்ந்து இருந்தால் மிக நல்லது.

இரவில் தானியங்கிக் கேமரா எடுக்கும் படத்தில் கண்கள் வெள்ளையாக எரியும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் வரும் பளபளப்பு அது, பார்வைக் கோளாறு இல்லை. அகச்சிவப்புப் படத்தில் நிறமும் இருக்காது. இரத்தமா சேறா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று: படம் என்பது ஒரு நொடி. ஒரு காலைத் தூக்கியிருக்கும் மான் நொண்டியாக இருக்கலாம், நடந்துகொண்டும் இருக்கலாம். கண் பாதி மூடியிருப்பது சிமிட்டலாகவோ அசைபோடும் சுகமாகவோ இருக்கலாம். அடுத்தடுத்து எடுத்த ஐந்தாறு படங்கள் இருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

உண்மையாகவே கவலைப்பட வேண்டியவை

முதலிடம் கண்ணிக் கம்பிக்கு. கழுத்திலோ காலிலோ மெல்லிய கோடாக ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் வீக்கம். கம்பி சதைக்குள் புதைந்துவிட்டால் அதைப் படத்தில் பார்க்க முடியாது, பள்ளம்தான் தெரியும். இது தானாக ஆறாது, உடனே தகவல் சொல்ல வேண்டும்.

தாடைக்கு அடியில் மெத்தென்று தொங்கும் வீக்கம் அடுத்தது. இரைப்பைப் புழுக்களோ கல்லீரல் புழுக்களோ அதிகமாகி, இரத்தத்தில் புரதம் குறையும்போது நீர் கசிந்து அங்கே தங்குகிறது. இதோடு மெலிவும் சேர்ந்திருந்தால் அலட்சியம் கூடாது. வால், பின்தொடை முழுவதும் கழிச்சல் படிந்திருப்பதும் இந்த வகைதான். மழைக்குப் பின் இளம்புல் தின்ற நாட்களில் லேசாக இளகுவது இயல்பு. ஒரு பக்கத் தொடை மட்டும் சூம்பியிருந்தால் அந்தக் காலை நெடுநாளாக ஊன்றவில்லை என்று தெரிகிறது. ஆறிய பழைய ஊனத்தோடு நன்றாக வாழும் மான்களும் உண்டு, அங்கே மறுபடியும் உடல்தேற்றமே வழிகாட்டி.

நாட்பட்ட மெலிவு நோயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் எலும்பும் தோலுமான எந்த மானைக் கண்டாலும் இந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். 1967-இல் அமெரிக்காவின் கொலராடோவில் அடைப்பில் வளர்ந்த மான்களில் முதலில் கவனிக்கப்பட்டது. 2016-இல் நார்வேயில் ரெயின்டீர் எனப்படும் காட்டுக் கலைமானிலும் கண்டறியப்பட்டது. பிரியான் எனப்படும் உருக்குலைந்த புரதம் மூளையைச் சிதைப்பதால் வருகிறது. மெலிவு, தொங்கும் காது, தாழ்ந்த தலை, கால்களை அகட்டி நிற்பது, ஒழுகும் எச்சில் எல்லாம் கடைசிக் கட்டத்து அடையாளங்கள். தொற்றிய பிறகு ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ மான் முற்றிலும் நலமாகத் தெரியும். அதே அடையாளங்கள் மூளைக் கட்டியிலும் பட்டினியிலும் அடிபட்டதிலும் வரும். மூளைத்தண்டையோ கழுத்து நிணநீர்க் கணுக்களையோ ஆய்வகத்தில் சோதித்துத்தான் உறுதி செய்கிறார்கள். படத்தைப் பார்த்து இந்த நோய் உண்டு என்று சொல்பவரும் இல்லை என்று சொல்பவரும் ஒரே அளவு தவறு செய்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது நீலநாக்கும் அதன் உறவான இரத்தக்கசிவு நோயும். கொசுவைவிடச் சிறிய கடிக்கும் பூச்சிகள் பரப்புபவை. கடுமையாகத் தாக்கினால் அறிகுறி தோன்றி ஓரிரு நாளிலேயே மான் இறந்துவிடும். மெலிய நேரமே கிடைக்காது. காய்ச்சலில் தண்ணீரைத் தேடிப் போவதால் நீர்நிலையோரம் பல மான்கள் அடுத்தடுத்துச் செத்துக்கிடக்கும். எனவே கொழுத்த மான்கள் கரையோரம் சாகும் படங்களுக்கு, மெலிந்த ஒற்றை மானின் படத்தைவிட அதிக அவசரம் உண்டு.

ஒரு மானை வைத்துக் காட்டை அளக்க முடியாது

எந்த ஆண்டிலும் எந்தக் காட்டிலும் சில மான்கள் மெலிந்திருக்கும். தீனி குறைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், ஒரே பருவத்தில், ஒரே வகை மான்களை ஒப்பிட வேண்டும். ஓராண்டுக் குட்டிகளும் பாலூட்டாத பெண்மான்களும் இதற்கு ஏற்றவை. பாலூட்டாத பெண்மான்களில் பாதிக்கு இடுப்பு குழிந்திருந்தால் அது காட்டைப் பற்றிய செய்தி. பருவம் முடிந்த ஆண்மான் ஒன்று குழிந்திருப்பது அந்த ஆண்மானைப் பற்றிய செய்தி மட்டும்தான்.

சந்தேகம் வந்தால்

மெலிந்த மானுக்குத் தானியம் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். இலை தழைக்குப் பழகிய அசையூண் வயிற்றில் மாவுச்சத்து திடீரென்று குவிந்தால் அமிலம் பெருகி, உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் செத்து, வயிறு நிறைந்த நிலையிலேயே மான் ஓரிரு நாளில் இறந்துபோகலாம். ஒரே இடத்தில் தீனி வைத்தால் பல மான்கள் மூக்கும் வாயும் ஒட்டத் தின்று நோயைப் பகிர்ந்துகொள்ளும். நல்ல படத்துக்காகத் துரத்துவதும் வேண்டாம், வற்றிய மானிடம் ஓடுவதற்கு மிச்சம் இல்லை.

கண்ணி, தாடை வீக்கம், புழு வைத்த புண், நிலைதடுமாறும் நடை, நீரோரச் சாவுகள் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்தப் பகுதி வனத்துறைக்குச் சொல்லுங்கள். இடம், தேதி, நேரம், மான் வகை, ஆணா பெண்ணா, தோராய வயது, பக்கத்தில் வேறு எத்தனை மான்கள், அவை எப்படி இருந்தன என்று எழுதுங்கள். ஒளி, நிறம் திருத்தாத, வெட்டாத மூலப் படங்களை வரிசை மாறாமல் அனுப்புங்கள். செயலி வழி அனுப்பிச் சுருங்கிய படத்தில் கண்ணிக் கோடும் சொறிப் பொருக்கும்தான் முதலில் காணாமல் போகும். கூடவே "இந்த நோய்" என்று பெயர் சூட்டாமல், "இடுப்பு குழிந்திருக்கிறது, இடப்பின்காலை ஊன்றவில்லை" என்று கண்டதை மட்டும் எழுதினால், அடுத்து பார்க்கும் கால்நடை மருத்துவருக்கு அது பெரிய உதவி.